பன்னிரண்டு நாள் லீவும் பழுப்புக் கடலும்

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் கத்தரி ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை என்று அவள் வீட்டுக்காரர் சொன்னால், ஒன்று அவர் பொய் சொல்கிறார், இல்லை அவள் பக்கத்தில் நிற்கிறாள் என்று அர்த்தம்.

கத்தரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. போட்டோக் கடையில் அவளுக்குப் பதினோரு வருஷ வேலை. மற்றவர்கள் எடுத்த படங்களை வெட்டி, நிறம் திருத்தி, பின்னால் தற்செயலாக வந்து நிற்கிற வேற்று ஆட்களை அழித்து, ஆல்பமாக்கித் தர வேண்டும். படத்தை வெட்டுகிற வேகத்திலேயே எதிராளியின் பேச்சையும் பாதியில் வெட்டுவாள். இரண்டையும் பார்த்த முதலாளி ஒருநாள் கத்தரி என்று கூப்பிட்டார். அது அப்படியே ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிட்டது. இப்போது பெற்ற பிள்ளைகளே, கோபம் வந்தால், கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

யார் எங்கே ஊர்சுற்றப் போனாலும் கடைசியில் அவளுடைய திரைக்குத்தான் வந்து சேர வேண்டும். யார் தொப்பையை எக்கிக்கொண்டு நிற்கிறார், எந்த மாமியாரை வேண்டுமென்றே ஓரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், எந்த மாப்பிள்ளை மூன்றாம் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கடற்கரைப் படம் கொண்டு வருகிறவர்கள் மட்டும் சொல்லி வைத்தாற்போல ஒரே விஷயத்தைக் கேட்பார்கள்: "கடலை மட்டும் கொஞ்சம் நீலமா போட்டுடுங்க." நிறம் கூட்டுகிற இடத்தில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் உண்டு. கடல் என்றால் எட்டு. அது கடை வழக்கம். எத்தனையோ கடலுக்கு எட்டு வைத்து அனுப்பியிருக்கிறாள். இது எங்கள் கடல் இல்லை என்று ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை.

அவள் கடலைப் பார்த்ததே இல்லை. இது கடையில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பதினோரு வருஷத்து எட்டுக்கும் சேர்த்து முதலாளி விளக்கம் கேட்பாரோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம்.

முன்பின் தெரியாதவர்கள் எங்கே போனாலும் அவளுக்கு வயிறு எரியாது. போகட்டும், நன்றாக இருக்கட்டும், படத்தைக் கொண்டுவந்து கொடுக்கட்டும். அவளுக்கு எரிவதெல்லாம் ஒரே ஒரு வீட்டைப் பார்த்துத்தான். அந்த வீடு அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது.

கத்தரி குடும்பம் கீழ்த்தளம். மாடியில் கொழுந்தன் குடும்பம். கொழுந்தன் மனைவி, அதாவது கத்தரியின் ஓரகத்தி, பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் உட்காருகிறாள். தொழிலே பல் என்பதால் சிரிப்பை வீணாக வைத்திருக்க மாட்டாள். படியில் எதிரே பார்த்தால்கூட முப்பத்திரண்டையும் எடுத்துக் காட்டுவாள். கத்தரிக்கு மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னே வந்திருக்கும். ஆகவே ஓரகத்தி சிரிக்கும்போதெல்லாம் அது தன் பல்லைப் பற்றிய ஒரு கருத்து என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓரகத்தியும் கொழுந்தனும் கடற்கரையிலிருந்து திரும்பினார்கள். பெட்டிக்கு நாலு சக்கரம். அந்த நாலும் வாசலின் ஒவ்வொரு படியிலும் இடித்து, கத்தரியின் கதவுக்கு எதிரே வந்து நின்றன. சமையலறையில் இருந்தவளுக்கு அது நின்றது நன்றாகவே கேட்டது. அடுப்பை அணைக்காமல் நிதானமாக வந்து கதவைத் திறந்தாள். அவசரப்பட்டதாகத் தெரியக் கூடாதல்லவா.

"என்னக்கா, நல்லா இருக்கீங்களா? பன்னெண்டு நாள் போனதே தெரியல!"

"எங்களுக்கும்தான். நீங்க போனதே தெரியல" என்றாள் கத்தரி.

ஓரகத்தி அதற்கும் சிரித்தாள். தலையில் அகலமான தொப்பி. கைப்பையிலிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு சிப்பியை எடுத்து நீட்டினாள். "உங்களுக்குன்னு பொறுக்கினேன். காதுல வச்சா கடல் கேக்குமாம்."

கொழுந்தன் பெட்டியோடு பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். களைப்பு என்று கத்தரி நினைத்தாள். சந்தோஷத்தில் வருகிற களைப்பு. அதை நினைத்ததும் இன்னும் எரிந்தது. சிப்பியை வாங்கி நன்றாக இருக்கிறது என்று சொல்லி, கதவைச் சாத்தி, நேரே குளியலறைக்குக் கொண்டு போய் அதில் சோப்பை வைத்தாள். அளவு கச்சிதமாக இருந்தது.

அந்த வாரம் அவளுக்கு வேறொரு முடிவும் காத்திருந்தது. கடையில் வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் லீவு. அவளையும் அச்சு மெஷின்காரரையும் தவிர வேலை தெரிந்தவர்கள் இல்லை என்பதால், முதலாளி வருஷத் தொடக்கத்திலேயே இருவரிடமும் ஒரு சீட்டு எழுதி வாங்கிவிடுவார். அதில் இரண்டே கட்டம். ஒன்று 'முழுசாக', பன்னிரண்டு நாளும் ஒரே மூச்சில். மற்றது 'துண்டாக', இரண்டிரண்டு நாளாக ஆறு தடவை. எதையாவது ஒன்றைத்தான் நிரப்ப வேண்டும். எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான், அடுத்த வருஷம் வரை பேச்சே கிடையாது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சீட்டு முதலாளி மேசையில் இருக்க வேண்டும்.

கத்தரி வீட்டில் ஆறு மாதமாக இதுதான் சண்டை. பஸ்ஸில் நாலு மணி நேரத் தூரத்தில் ஒரு தீம் பார்க் இருந்தது. குடும்பத்துக்கு வருஷ டிக்கெட் எடுத்துவிட்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கணவரும் பிள்ளைகளும் அந்தக் கட்சி: துண்டாக. கத்தரி தனிக் கட்சி: முழுசாக, கடலுக்கு. பன்னிரண்டு நாள் கடற்கரையில் தங்குவதும் வருஷ டிக்கெட்டும் சேர்ந்து வீட்டுக்குத் தாங்காது. ஏதாவது ஒன்றுதான்.

ஓரகத்தி வந்திறங்கிய அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் சின்னவன் ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். வயசு ஒன்பது. பள்ளிக்கூடத்தில் தேர்தல் பற்றிப் பாடம் நடந்திருக்கிறது. எல்லாருக்கும் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தான், எழுதி மடித்துப் போடச் சொன்னான், பிறகு தானே எடுத்துப் படித்தான்.

"தீம் பார்க். தீம் பார்க். கடல். தீம் பார்க். தீம் பார்க். தீம் பார்க். தீம் பார்க்."

"வீட்ல இருக்கறது நாலு பேரு. ஓட்டு எப்படிடா ஏழு?" என்றாள் கத்தரி.

"வெளியூர்லேர்ந்து தபால் ஓட்டு வந்துச்சும்மா."

மூத்தவள், பதினாலு வயசு, வாயில் இருந்ததைத் துப்பாமல் சிரிக்கப் படாத பாடு பட்டாள். கணவர் மட்டும் நியாயமாகப் பேசினார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நாள் முழுக்க மேலும் கீழும் போய்வந்தும் எங்கேயும் போய்ச் சேராத வேலை. "இங்க பாரு. அந்த ரோலர் கோஸ்டர்ல, வண்டிய உச்சிக்கு இழுத்துட்டுப் போற சங்கிலி இருக்கே, அதுக்குக் கீழ ஒரு பல்சக்கரம் இருக்கு. போன தடவை போனப்ப பாதிதான் பாக்க முடிஞ்சுது. அந்தப் பக்கம் போறதுக்குள்ள விரட்டிட்டாங்க. அஞ்சாறு தடவை போனா..."

"அஞ்சாறு தடவை விரட்டுவாங்க" என்று வெட்டினாள் கத்தரி. "எனக்குக் கடல். பன்னெண்டு நாள். ஒரே மூச்சா."

"பன்னெண்டு நாள் அங்க போய் என்னம்மா பண்றது?" என்றாள் மூத்தவள்.

"பாக்கறது."

"பாத்துட்டு?"

"மறுபடியும் பாக்கறது."

"சரி, சித்தி மட்டும் பதினஞ்சு நாள் போயிருந்தா?"

"பதினாறு" என்றாள் கத்தரி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் பாத்திரமும் தபால் ஓட்டுகளும் கீழே விழுந்தன. சின்னவன் நாற்காலியிலிருந்தே சரிந்துவிட்டான். கத்தரி எழுந்து தட்டைக் கொண்டு போய்க் கழுவும் தொட்டியில் போட்டாள். "சீட்டுல கையெழுத்து யாரோடதுன்னு ஞாபகம் இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். அந்த ராத்திரியே முடிவு பண்ணிவிட்டாள். முழுசாகத்தான். கடல்தான். ஓரகத்திக்கு எந்த வகையிலும் ஒருநாள்கூடக் குறையாமல்.

செவ்வாய்க்கிழமை ஓரகத்தி கடைக்கே வந்தாள். மத்தியான இடைவேளையில், வேலைக்குப் போட்டுக்கொள்கிற வெள்ளைக் கோட்டோடு. கவுண்டரில் ஒரு பென்டிரைவை வைத்தாள்.

"கடல் படமெல்லாம் இதுல இருக்குக்கா. நல்லதா பாத்து ஒரு ஆல்பம் போட்டுக் குடுங்க. வெளி ஆளுகிட்ட குடுத்தா நம்ம மூஞ்சிய என்ன பண்ணுவாங்களோன்னு பயம். நீங்கன்னா கவலையில்ல."

"கவலைப்படாத" என்றாள் கத்தரி.

"வெள்ளிக்கிழமை கிடைச்சா நல்லது. கிளினிக்ல எல்லாரும் எப்ப எப்பன்னு கேட்டுட்டே இருக்காங்க."

அவள் போனதும் கத்தரி படங்களைத் திறந்தாள். முந்நூற்று நாற்பது. முதலில் குறை தேடினாள். அது அவள் கைவந்த கலை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட படம் ஒன்றாவது இருக்கும், சோர்ந்துபோன கண், எக்கிய தொப்பை, ஏதாவது ஒன்று. இல்லை. எல்லாவற்றிலும் பல். மஞ்சள் உடுப்பு, அகலத் தொப்பி, பின்னால் கடல். அந்தக் கடலோ எட்டு வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் பிறக்கும்போதே நீலமாகப் பிறந்தது மாதிரி இருந்தது.

இருநூற்றுச் சொச்சம் படம் வரைக்கும் தாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த ஒரு படத்தில் அவள் கை நின்றது. மணலில் ஓரகத்தி வெறுங்காலோடு நிற்கிறாள். நாலடி தள்ளிக் கொழுந்தன் நிற்கிறார். அவர் கையில் ஓரகத்தியின் செருப்பு. ஒரு ஜோடி, இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார்.

வீட்டில் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனுஷன். பெண்டாட்டி செருப்பைப் பூச்செண்டு மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

கத்தரி தன் கணவர் தனக்காகக் கையில் எதையாவது பிடித்துக்கொண்டு நின்ற நாளை யோசித்துப் பார்த்தாள். திருகுசாவி ஞாபகம் வந்தது. அதுவும் அவளுக்காக இல்லை, தண்ணீர்க் குழாய்க்காக.

அப்புறம் அவள் செய்ததை, கை தானாகப் போய்ச் செய்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நன்றாக யோசித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து செய்தாள். நீலத்தை எட்டிலிருந்து ஆறுக்கு இறக்கினாள். கடல் கொஞ்சம் வெளுத்தது. நாலு. துவைத்த துணி மாதிரி ஆனது. இரண்டு. இப்போது அது பாத்திரம் கழுவிய தண்ணீர். அதிலும் திருப்தியில்லாமல் மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றினாள், சேறு மாதிரி ஒரு பழுப்பு வந்தது. வானத்தைச் சாம்பலாக்கினாள். ஆட்களின் முகத்தைத் தொடவில்லை. முகத்தில் கை வைப்பது தொழிலுக்குத் துரோகம் என்று அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. கடலுக்காகச் சண்டை போட யார் வரப்போகிறார்கள்?

நாற்பது படங்களைத் தேர்ந்தெடுத்து நாற்பதுக்கும் அதே பழுப்பைப் பூசினாள். செருப்புப் படத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக. வியாழக்கிழமை அச்சுக்கு அனுப்பினாள். மெஷின்காரர் வெளியே வந்த முதல் தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னம்மா இது, கடலா, காப்பியா?"

"மழைக்காலம்."

"ஓ. மழைக்காலத்துல இப்படித்தான் இருக்கும்" என்று அவர் அடுத்த தாளை எடுக்கப் போய்விட்டார்.

வியாழன் சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பல் துலக்கும்போது அது போய்விட்டது. குளியலறையில் சோப்பு அந்தச் சிப்பியில் வழவழவென்று உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு நாள் சந்தோஷத்துக்கு நடுவில் குனிந்து, அக்காவுக்கு என்று ஒன்றைப் பொறுக்கி எடுத்திருக்கிறாள். வேண்டுமென்றே வெறுப்பேற்றக் கொடுத்ததுதான் என்று கத்தரி தனக்குத்தானே மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை சரியாக வரவில்லை.

வேறு பயமும் இருந்தது. ஓரகத்தி ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு நேரே முதலாளியிடம் போவாள். விஷயம் கணவருக்குப் போகும். அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை நின்றுபோகும். ஒரு கடலின் நிறத்துக்காக. சீக்கிரமாகக் கடைக்குப் போய் நாற்பதையும் மறுபடி எட்டில் அச்சடித்துவிடலாம் என்று கிளம்பினாள். போய் மெஷினைச் சூடாக்கி, பழைய ஆல்பத்தைக் கவுண்டருக்குக் கீழே தள்ள எடுத்தால், கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெள்ளைக் கோட்டு.

"இன்னிக்கு டாக்டர் லேட்டுக்கா. அதான் முன்னாடியே வந்துட்டேன். ஆயிடுச்சா? இதுதானா?" என்று ஓரகத்தி அவள் கையிலிருந்தே ஆல்பத்தை வாங்கிக்கொண்டாள்.

கத்தரி அவசரமாக மூன்று பொய்களைத் தயார் பண்ணினாள். மை தீர்ந்துபோச்சு. காகிதம் மட்டமான காகிதம். இப்பல்லாம் இதுதான் புது ஸ்டைல். மூன்றையும் வரிசையாக நாக்கு நுனியில் நிறுத்தி வைத்தாள்.

ஓரகத்தி முதல் பக்கத்தைத் திருப்பினாள். இரண்டாவது. சிரிப்பு மெல்ல மூடிக்கொண்டது. கத்தரி அவள் வாய் மூடி இருந்து பார்த்ததே இல்லை. வேறு யாரோ மாதிரி, வயசு குறைந்த யாரோ மாதிரி இருந்தாள். பக்கம் பக்கமாகப் போய்ச் செருப்புப் படத்தில் நின்றாள். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது.

"உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

கத்தரியின் மூன்று பொய்களும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. "எது?" என்றாள்.

"இப்படித்தான்க்கா இருந்துச்சு. அப்படியே இதே நிறம். நாங்க போறதுக்கு முந்தின நாள் மேல எங்கயோ பெருமழை. ஆத்துத் தண்ணி சேறெல்லாம் அடிச்சிட்டு வந்து அங்கதான் கலக்குது. பன்னெண்டு நாளும் சிவப்புக் கொடி. கால நனைக்கக்கூட விடல. ஃபோன்ல பாத்தா நீலமா இருக்கும். அது தானா அழகு பண்ணிடுது போல. தலைய தூக்கிப் பாத்தா சேறு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஒரே ரூம்ல ரெண்டு பேரும். மூணாம் நாளே பேச விஷயம் தீந்துபோச்சு. நாலாம் நாள் சண்டை."

"இந்தச் செருப்பு?" கத்தரியால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அவரு எவ்ளோ ஆசையா பிடிச்சிட்டு நிக்கறாரு."

"ஆசையா? நான் எறிஞ்சதுக்கா அது! ஃபோன பாறை மேல வச்சு பத்து செகண்டு டைமர் போட்டேன். அதுக்குள்ள அவரு ஒண்ணு சொன்னாரு, நான் ஒண்ணு சொன்னேன். ரெண்டையும் கழட்டி அடிச்சேன். பிடிச்சுட்டாரு. அந்நேரம் பாத்து அது க்ளிக்குனு எடுத்துடுச்சு."

"நீ சிரிச்சிட்டு நிக்கறியே?"

"கேமரான்னா எனக்கு வாய் தானா திறந்துக்கும்க்கா. வேலைப் பழக்கம்."

உள்ளே மெஷின் சூடாகி முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஓரகத்தி ஆல்பத்தை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அஞ்சாம் நாளே திரும்பிடலாம்னு சொன்னேன். அவருதான், பன்னெண்டு நாள்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சேன்னாரு. எல்லார்னா யாரு? உங்ககிட்டத்தான் சொன்னோம். வந்து எறங்கின அன்னிக்கு ராத்திரி கீழ உங்க வீட்ல ஓட்டுப் போட்டீங்களே, எல்லாம் எங்க தரையில கேட்டுச்சு. பதினாறுன்னு சொன்னீங்களே அதுவும். நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்திருந்தோம். ஃபேனக்கூட நிறுத்திட்டேன்."

"எதுக்கு?"

"சத்தத்துல நீங்க சிரிக்கறது சரியா கேக்கல." ஓரகத்தி மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவ்ளோ பொறாமையா இருந்துச்சுக்கா. மாமா அந்தப் பல்சக்கரத்தப் பத்திப் பேசினாரு பாருங்க, அதுக்குக்கூட."

உலகத்தில் தன் கணவரின் பல்சக்கரப் பேச்சைக் கேட்டுப் பொறாமைப்பட ஒரு ஜீவன் இருக்கும் என்று கத்தரி கனவிலும் நினைத்ததில்லை.

"நிறத்த இவ்ளோ சரியா பிடிச்சிட்டீங்களேக்கா. யார்கிட்டயும் சொல்ல முடியாம இருந்தேன். நீங்க ஒருத்தர்தான் பாத்த உடனே கண்டுபிடிச்சீங்க. அனுபவம்னா அனுபவம்தான்."

கத்தரிக்கு, ஆமாம், அனுபவம் என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. ரொம்ப வசதியாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பாராட்டு செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி உறுத்தியது. சுற்றிப் பார்த்தாள். முதலாளி இன்னும் வரவில்லை.

"நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல" என்றாள், தாழ்ந்த குரலில். "வயித்தெரிச்சல். உன் கடலு அவ்ளோ நீலமா இருக்கவும் தாங்கல. நான்தான் எறக்கினேன்."

ஓரகத்தி அவளையே பார்த்தாள். கத்தரி அடுத்து வரப்போவதற்குத் தயாராக நின்றாள்.

"எவ்ளோ எறக்கினீங்க?"

"எட்டுலேர்ந்து ரெண்டுக்கு."

ஓரகத்தி ஆல்பத்தைத் திறந்து இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள். "ஒண்ணுதான்க்கா சரி" என்றாள். "நீங்க இன்னும் கொஞ்சம் பொறாமைப்பட்டிருக்கலாம்."

முதலில் யார் சிரித்தது என்று பிறகு இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. மெஷின்காரர் உள்ளே வந்தபோது கவுண்டரின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். ஒருத்திக்குப் பல் வெளியே, ஒருத்திக்கு அந்த ஒற்றைப் பல் வெளியே. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று நினைத்து அவரும் குனிந்து தரையைப் பார்த்தார்.

போகும்போது ஓரகத்தி கதவில் நின்று, "எட்டுல ஒண்ணு தனியா போட்டு வைங்கக்கா" என்றாள். "கிளினிக்குக்கு அது. இது வீட்டுக்கு."

"செருப்புப் படம்?"

"ரெண்டுலயும் போடுங்க."

சனிக்கிழமை மத்தியானம் கத்தரி லீவுச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'முழுசாக' கட்டத்துக்கு மேலே பேனா நின்றது. ஆறு மாதமாக அந்தக் கட்டத்தை மனசுக்குள் எத்தனை தடவை நிரப்பியிருப்பாள். இப்போது மை இறங்கவில்லை. பன்னிரண்டு நாள், ஒரே அறை, மூன்றாம் நாள் பேச விஷயம் தீர்ந்துபோவது. அதை நினைத்தால் ஆசை வரவில்லை. ஆசை வராதது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. பொறாமையும் இல்லை என்றால் இத்தனை நாள் எதற்காகச் சண்டை போட்டேன்?

அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். ஒரு படம் சரியாக வரவில்லை என்றால், அதில் தேவையில்லாமல் வந்து நிற்கிற ஆட்களை ஒவ்வொருவராக அழித்துவிட்டு, மிச்சம் என்ன என்று பார்ப்பாள். அதையே இப்போதும் செய்தாள். முதலில் ஓரகத்தியை அழித்தாள். அப்புறம் மஞ்சள் உடுப்பு, தொப்பி, நாலு சக்கரப் பெட்டி. செருப்போடு நின்ற கொழுந்தனை அழிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கடைசியாகப் பன்னிரண்டு என்ற எண்ணையும் அழித்தாள்.

மிச்சம் கடல் இருந்தது. அது மட்டும் போகவில்லை. ஆனால் அதற்கு என்ன நிறம் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டா, இரண்டா, ஒன்றா? பதினோரு வருஷம் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கடல் தைத்துக் கொடுத்தவளுக்குத் தெரியவில்லை.

பேனாவை நகர்த்தி, 'துண்டாக' கட்டத்தில் ஆறு வரியையும் நிரப்பினாள். சீட்டைக் கொண்டு போய் முதலாளி மேசையில் வைத்தாள். அவர் பார்த்துவிட்டு, "என்ன கத்தரி, முழுசா கேப்பேன்னு நெனச்சேன். துண்டு போட்டுட்டியே" என்றார்.

"தொழிலே அதுதானே சார்."

சாயங்காலம் வீட்டில் செய்தியைச் சொன்னதும் சின்னவன் ஆறு விரலைக் காட்டி ஆடினான். கத்தரி அவன் கையைப் பிடித்து ஒரு விரலை மடக்கினாள்.

"அஞ்சு. அஞ்சு தடவை தீம் பார்க். அதுல ஒரு தடவை சித்தப்பாவும் சித்தியும் நம்மகூட வர்றாங்க. ஆறாவது என்னோடது. ராத்திரி ரயில் ஏறினா காலைல கடல். அன்னிக்கு ராத்திரியே திரும்ப ரயில். அது நமக்குத் தாங்கும், விசாரிச்சுட்டேன்."

"அவங்க எதுக்கு நம்மகூட?" என்றாள் மூத்தவள்.

"உங்கப்பா பல்சக்கரத்தப் பத்திப் பேசறத நேர்ல கேக்கணுமாம்."

கணவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே நிமிர்ந்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் கத்தரிக்குச் சுருக்கென்றது. என்னிடம் சொல்லும்போது இப்படி ஒருநாளும் மலர்ந்ததில்லையே. இனிமேல் நானும் பாதியில் வெட்டாமல் கேட்டுத் தொலைக்க வேண்டும் போலிருக்கிறதே. இருக்கிற வேலை போதாதென்று.

"அது சரி, ஒரே ஒரு பகல்ல கடல்ல என்ன பாக்க முடியும்?" என்றார் அவர். "பன்னெண்டு நாள் வேணும்னு ஒத்தக்கால்ல நின்ன."

"நிறம்."

"நிறமா?"

அதற்குள் மேலே தரையில் யாரோ குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினார்கள். ஃபேனை நிறுத்தியிருக்க வேண்டும். குரல் தெளிவாகக் கேட்டது.

"அக்கா! அந்த ஆறாவதுக்கும் நான் வரட்டுமா?"

"நீ பாத்தவதானே!" என்று கத்தரி கூரையைப் பார்த்துக் கத்தினாள். "நான் மொதல்ல பாத்துக்கறேன்! அப்புறம் சொல்றேன்!"

மேலே சிரிப்புக் கேட்டது. இரண்டு பேர் சிரிப்பு. ஒன்று ஆண் குரல்.

கத்தரி குளியலறைக்குப் போய்ச் சோப்பை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். சிப்பியைக் குழாயடியில் காட்டி, உள்ளே ஒட்டியிருந்த வழவழப்புப் போகும் வரை விரலை விட்டுத் தேய்த்துக் கழுவினாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு காதில் வைத்தாள். ஏதோ கேட்கத்தான் செய்தது. அது கடலா, பக்கத்துச் சுவருக்குள் ஓடுகிற தண்ணீர்க் குழாயா என்று சொல்லத் தெரியவில்லை. காதை மாற்றி வைத்துப் பார்த்தாள்.

"கத்தரீ" என்று தூரத்திலிருந்து சின்னவன் குரல் வந்தது. "உள்ள என்ன பண்றே?"

"பல்லு தேய்க்கறேன்" என்றாள், சிப்பியைக் காதிலிருந்து எடுக்காமல்.